எருமை மேய இடம் விடுங்கள்

எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கை வேலி போட்டு அடைத்து மரக்கன்று நடப்போகிறார்களாம். மரத்துக்கு நான் எதிரி இல்லை. வேலிதான் வேண்டாம் என்கிறேன்.

எருமை மேயும்போது அதன் முன்னங்காலை ஒட்டியே உண்ணிக்கொக்கு நடக்கும். குளம்பு பட்டுப் புல் அசைந்தால் வெட்டுக்கிளி எழும்பும். எழும்பியது திரும்பத் தரை தொடாது. தனியாக அலைவதைவிட மாட்டோடு நடக்கும் கொக்குக்குக் குறைந்த நடையில் அதிக இரை கிடைப்பதை ஆய்வாளர்கள் கணக்கிட்டே காட்டியிருக்கிறார்கள். கரிச்சானுக்கு எருமை முதுகுதான் இருக்கை. பறக்கும் பூச்சியைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டு அங்கேயே திரும்பும். மைனா காதோரம் வரை போய் உண்ணி பொறுக்கும். எருமை அசையாமல் நிற்கும்.

இதில் மாட்டைவிடப் பறவைக்குத்தான் லாபம் அதிகம். மைனா இருக்கிறதே என்று உண்ணி மருந்தை யாரும் நிறுத்த வேண்டாம். மருந்து பட்ட உண்ணியைப் பறவை தின்னாதபடி, மருந்து தெளித்த மாட்டை அன்றே மேய்ச்சலுக்கு விடாதீர்கள், அது போதும். தென்னாப்பிரிக்காவில் வெக்கை நோயாலும் வேட்டையாலும் காட்டெருமைகள் குறைந்தன. மாடுகளையோ ஆர்சனிக் கலந்த நீரில் முக்கி எடுத்தார்கள். உண்ணி தின்று வாழும் மஞ்சள் அலகுப் பறவை அந்நாட்டிலிருந்தே மறைந்துபோனது. குரூகர் பூங்காவில் அது மறுபடி தென்பட்டது 1979இல்தான்.

வேலி வந்தால் நம் மாடும் கொட்டகைக்குள்தான். கொட்டகையிலேயே கட்டித் தீனி போடும் மாட்டோடு எந்தக் கொக்கு நடக்கும்? வேம்பையும் புங்கனையும் வரப்போரம் நடுங்கள். கரிச்சான் கூடு கட்டட்டும். நடுவெளியைப் புல்லுக்கு விடுங்கள். அடுத்த கிராமசபையில் இதைத்தான் கேட்கப்போகிறேன்.