சலிமாவுக்கு ஆட்டங்கள் வேண்டும்

ஜார்க்கண்ட் தலைநகர் ராஞ்சியின் ஹாக்கி மைதானத்துக்கு ஜெய்பால் சிங் முண்டாவின் பெயர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய பழங்குடி வீரர் அவர். 2023 நவம்பரில் அங்கே நடந்த மகளிர் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா ஜப்பானை 4-0 என்று வென்றது. தொடரின் சிறந்த வீராங்கனை, அதே ஜார்க்கண்டின் சலிமா டெடே. இரண்டரை மாதம்தான் போயிருக்கும். அதே மைதானம், அதே ஜப்பான். பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மிச்சமிருந்த ஒரே இடத்துக்கான ஆட்டம். ஆறாவது நிமிடத்தில் ஜப்பானின் பெனால்டி கார்னர் கோலாகிவிட்டது. அதன் பிறகு இந்தியா எவ்வளவோ முட்டிமோதியும் பந்து உள்ளே போகவில்லை. 0-1. பாரிஸ் கைவிட்டுப் போனது.

அடுத்து வந்த மே மாதம் கோல்கீப்பர் சவிதா புனியாவிடமிருந்து கேப்டன் பொறுப்பு சலிமாவிடம் வந்தது. அப்போது அவருக்கு 22 வயது.

சலிமாவைப் பற்றி எழுதுகிற எல்லாரும் முதலில் அவர் வீட்டைத்தான் எழுதுகிறார்கள். சிம்டேகா மாவட்டத்தில் ஒரு சிற்றூர், மண் வீடு, டோக்கியோ ஒலிம்பிக்கில் மகள் ஆடுவதைக் குடும்பம் பார்க்கட்டும் என்று அரசு அதிகாரிகள் டிவி கொண்டுவந்து மாட்டிய செய்தி. எல்லாம் உண்மை, சொல்லப்பட வேண்டியதும்தான். ஆனால் கதை அந்த வாசற்படியிலேயே நின்றுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏழ்மையிலிருந்து ஒரு பெண் எப்படியோ முளைத்து வந்துவிட்டாள் என்ற நினைப்பை அது விதைக்கிறது. எப்படியோ வரவில்லை.

சிம்டேகா ஹாக்கி ஊர். 1975 உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்த மைக்கேல் கிண்டோ, 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற சில்வானுஸ் டுங்டுங் இருவரும் அந்த மண்ணின் ஆட்கள். மகளிர் அணிக்கு சும்ராய் டெடே, அசுந்தா லக்ரா என்று இரண்டு கேப்டன்களையும் அது தந்திருக்கிறது. அங்கே கிராமத்துக்குக் கிராமம் ‘கஸ்ஸி’ போட்டிகள் நடக்கும். ஜெயித்த அணிக்குப் பரிசு ஓர் ஆட்டுக்கிடாய். ஆட்டம் முடிந்ததும் அடுப்பு மூட்டி ஊரே கூடிச் சாப்பிடும். மூங்கிலைச் சீவிய மட்டையோடு சின்னப் பிள்ளைகள் களத்தில் இறங்குவார்கள். சலிமாவின் அப்பாவும் இப்படி ஆடியவர்தான். சிம்டேகாவின் பயிற்சி விடுதியில் இடம் கிடைப்பதற்கு முன்பே அந்தச் சிறுமி எத்தனையோ ஆட்டங்களைப் பார்த்து, ஆடி, தோற்று, ஜெயித்து வளர்ந்திருந்தாள். முன்னோடிகள், போட்டிகள், பார்க்க வருகிற கூட்டம் எல்லாம் அந்த ஊரில் இருந்தன. இல்லாதது பணம் மட்டும்.

இனி அவர் ஆட்டத்தைப் பார்ப்போம். ஹாக்கி மட்டையின் இடப்பக்கம்தான் தட்டை. வளைந்த மறுபக்கத்தில் பந்து பட்டால் தவறு. அதனால் பந்தை ஓட்டிச் செல்பவர் அதை வலது காலுக்குச் சற்று முன்னால், உடம்பை விட்டுத் தள்ளி வைத்துக்கொண்டே ஓட வேண்டும். ரொம்பக் குனிந்தால் வேகம் போகும், நிமிர்ந்தால் பந்து போகும். இதற்கு நடுவே தலையைத் தூக்கி எந்தத் தோழி காலியாக நிற்கிறார் என்றும் பார்த்தாக வேண்டும். சலிமா வலது ஓரமாகப் பந்தோடு கிளம்பும்போது இந்த மூன்றும் ஒரே அசைவாகத் தெரியும். எதிரணிப் பெண் குறுக்கே மட்டையை நீட்டும் கணத்தில் பந்தை ஒரு சாண் முன்னே தள்ளிவிட்டு, அவரைத் தாண்டிப் போய் மறுபடி பிடித்துக்கொள்வார். நடுகளத்தில் ஆடுகிறவருக்கு இப்படியொரு ஓட்டம் இருந்தால், தற்காத்துக்கொண்டிருந்த அணி நாலு விநாடியில் தாக்குகிற அணியாகிவிடும். கரடுமுரடான தரையில், கோணல்மாணலாக வரும் பந்தை நிறுத்திப் பழகிய கைக்குச் செயற்கைப் புல்தரை எளிதாக வசப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

2018 பியூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் அவர் தலைமையில் இந்தியப் பெண்கள் வெள்ளி வென்றார்கள். பிறகு டோக்கியோவில் நான்காம் இடம். வெண்கல ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4 என்று தோற்றபோது சலிமாவுக்கு 19 வயது. 2022 ஜூனியர் உலகக் கோப்பையில் கேப்டனாகப் போனார். அங்கேயும் வெண்கல ஆட்டம், அங்கேயும் தோல்வி, இம்முறை ஷூட் அவுட்டில் இங்கிலாந்திடம், மறுபடி நான்காம் இடம். பதக்கம் கைக்கெட்டி நழுவுவதை இருபத்தொரு வயதுக்குள்ளேயே இரண்டு தடவை பார்த்தவர் அவர்.

சீனியர் கேப்டனாக 2024 நவம்பரில், பீகாரின் ராஜ்கிரில், ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை மறுபடி வென்றார். இறுதியில் தோற்றது சீனா. பாரிஸில் வெள்ளி வாங்கி வந்த அதே சீனா. தீபிகா அடித்த ஒரே கோல் போதுமானதாக இருந்தது. அடுத்த சில வாரங்களில் அர்ஜுனா விருதும் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2025 ஜூனில், ஒன்பது அணிகள் ஆடிய சர்வதேச புரோ லீகில் இந்தியா கடைசி இடத்துக்குப் போய், தொடரிலிருந்தே கீழிறக்கப்பட்டது. செப்டம்பரில் ஹாங்சோவில் ஆசியக் கோப்பை இறுதியில் சீனா 4-1 என்று கணக்கைத் தீர்த்துக்கொண்டது. ஜெயித்திருந்தால் உலகக் கோப்பைக்கு நேரடி இடம் கிடைத்திருக்கும்.

கேப்டனை மாற்று என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆண்களுக்கு ஹாக்கி இந்தியா லீக் 2013லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் நான்கே அணிகளோடு. கிடாய்க்காக ஆடிய வயதில் இந்தப் பெண்களுக்கு ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. இந்தியச் சட்டை போட்ட பிறகுதான் பஞ்சம். இப்போது புரோ லீகும் போய்விட்டதால் நெதர்லாந்து, அர்ஜென்டினா போன்ற அணிகளோடு மோதும் வாய்ப்பு இன்னும் சுருங்குகிறது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின்போது சலிமாவுக்கு 26 வயதுதான் இருக்கும், நடுகள ஆட்டம் முற்றிக் கனிகிற வயது. அதற்குள் பெரிய அணிகளைத் தேடிப் போய் அவற்றோடு நம் பெண்களை ஆடவைப்பது ஹாக்கி இந்தியா அமைப்பின் வேலை. அதைச் செய்யாமல் கேப்டனை மட்டும் மாற்றினால், அடுத்து வருகிறவரும் இதே பள்ளத்தில்தான் நிற்பார்.