மும்முனை என்றால் மூன்று கம்பிதானா?



ஸ்கூடாய்க் குடியிருப்புகளில் மின்மாற்றியைக் காணும் பிள்ளைகள், மும்முனை மின்சாரம் என்றால் மூன்று கம்பி என்றே எண்ணுகின்றனர். 'முனை' இடத்தைக் குறிக்கும் சொல். 'கட்டம்' என்பதே பொருத்தமானது என்பது என் கருத்து. ஏனெனில் இங்குப் பொருள் காலமே.

ஒரே உரலில் மூவர் முறைவைத்து உலக்கை போடுவதுபோல, மூன்று மின்னழுத்தங்களும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சமடைகின்றன. நம் நாட்டில் ஒரு சுற்று 20 மில்லிவினாடி. ஒவ்வொன்றும் அதில் மூன்றிலொரு பங்கு பிந்துகிறது. அதனாலேயே நடுநிலைக் கம்பியை நோக்க 230 வோல்ட்டாக இருப்பது, இரு கட்டங்களுக்கிடையே 400 ஆகிறது. மூன்றும் ஒருசேர உயர்ந்தால் அவ்வேறுபாடு சுழியமே.

இரு மின்மாற்றிகளை இணைக்கையில், மின்னழுத்தம் ஒத்திருந்தும் கட்டம் ஒவ்வாவிடின் பெருமின்னோட்டம் பாய்ந்து அவற்றைச் சிதைக்கும். ஆகவே, சொல்லை மனனம் செய்விப்பதோடு நில்லாமல் பொருளையும் விளக்குவோம்.