பேரேடு நம் கையில் இருக்கட்டும்



'எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். எழுதிய கணக்கே அழிந்து போனால் என்ன செய்வது என்று அவர்கள் சொல்லி வைக்கவில்லை. தடித்த அட்டை போட்டுத் தைத்த பேரேடு ஒரே நிமிடத்தில் படிக்க முடியாமல் போகும் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரில் அப்படி நடக்கும். எனக்கு நடந்தது.

2018 தீபாவளிக்கு முந்தைய வாரம். நம் மளிகை மொத்தக் கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள்: முன்னால் பில் போட ஒன்று, குடோனில் இருப்புப் பார்க்க ஒன்று, உள்ளே கணக்கருக்கு ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் உள்ளூர்த் தம்பி ஒருவர் ஆக்ஸஸில் எழுதிக் கொடுத்த பில்லிங் ஏற்பாடு. அதுவரை ஒரு குறையும் இல்லாமல் உழைத்தது. அன்று மாலை கூட்டம் நெருக்கியடித்த நேரத்தில் கரண்ட் போனது. முன் கம்ப்யூட்டரின் யூ.பி.எஸ். பேட்டரி செத்துப் போயிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பாதி பில்லில் அது நின்றது. கரண்ட் வந்த பிறகு கணக்குக் கோப்பு எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை. கடைசியாக எடுத்த நகல் பதினோரு நாள் பழையது.

கையிலிருந்த டூப்ளிகேட் பில்களை வைத்து இரவு பகலாக மறுபடி ஏற்றினோம். விற்பனை கிடைத்தது. வசூல் முழுவதும் கிடைக்கவில்லை. இருபது வருட வாடிக்கையாளர் ஒருவர், "அண்ணாச்சி, நான் பதினெட்டாயிரத்து நானூறையும் அன்னைக்கே கட்டிட்டேனே" என்றார். எங்கள் கணக்கில் இல்லை. நான் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசிவிட்டேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் மறுநாளே பணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பொங்கலுக்குக் குடோனை வெள்ளையடித்தபோது அவருடைய ரசீதின் அடிக்கட்டை கிடைத்தது. அவர் சொன்னதுதான் உண்மை. பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். வாங்கிக் கொண்டார். ஆனால் இன்றுவரை சரக்கு வேறு கடையில்தான் எடுக்கிறார்.

குறை எங்கள் ஏற்பாட்டில்தான். நகல் எடுக்காதது நாங்கள், பேட்டரி மாற்றாதது நாங்கள். அதைத் தாண்டி, கணக்கை வைத்திருந்த முறையிலேயே ஒரு பலவீனம் இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மூன்று பேர் இழுக்கும் ஒரே புத்தகம்

1992-ல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. பில் போடும் படிவம், தேடும் வசதி, அச்சிடும் அறிக்கை ஆகியவை ஒரு வேலை. இதை முகப்பு என்று வைத்துக் கொள்வோம். தகவலைப் பூட்டி வைக்கும் டேபிள்கள் மற்றொரு வேலை. இது பேரேடு. ஒரே கம்ப்யூட்டர் உள்ள கடைக்கு இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் தொந்தரவு அதிகம் இல்லை.

பல கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க் வழியாக அதே கோப்பைத் திறக்கும்போதுதான் சிக்கல். ஒரே பேரேட்டை மூன்று கணக்குப்பிள்ளைகள் மூன்று பக்கமும் இழுத்து வைத்து எழுதுவது போன்றது அது. எழுதிக் கொண்டிருக்கும்போதே ஒருவர் மயங்கி விழுந்தால் பக்கம் கிழிகிறது. கோப்பின் அளவும் 2 ஜி.பி.க்கு மேல் போக முடியாது.

டேட்டாபேஸ் சர்வர் என்பது வேறு ஏற்பாடு. பேரேட்டைத் தொட ஒரே ஒரு கணக்குப்பிள்ளைக்குத்தான் அனுமதி. மற்றவர்கள் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், அவர் எழுதுவார். ஒரு பரிவர்த்தனை பாதியில் அறுந்தால் அந்தப் பாதியை அவரே அடித்துவிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டு வருவார். முன் கம்ப்யூட்டர் அணைந்தாலும் பேரேட்டுக்குச் சேதம் வராது.

இரண்டு தவறான யோசனைகள்

இந்த நிலையில் உள்ள வியாபாரிகளிடம் இரண்டு யோசனைகள் சொல்லப்படுகின்றன. "ஓடுகிற வரை ஓடட்டும்" என்பது ஒன்று. என் கதையே அதற்குப் பதில். "எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மாதச் சந்தாவுக்குப் புதிய சாஃப்ட்வேர் வாங்குங்கள்" என்பது மற்றொன்று. பலருக்கு அது பொருந்தலாம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சந்தா நின்றால் நம் கணக்கு முழுவதும், நாம் படிக்கக் கூடிய வடிவில், நம் கைக்கு வருமா என்று முதலிலேயே கேட்டுக் கொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்கும்போது "கம்பெனி மாறிவிட்டோம்" என்ற பதில் செல்லாது.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி இருக்கிறது என்பதே என் கருத்து. பழகிய ஆக்ஸஸ் முகப்பை அப்படியே வைத்துக் கொள்ளலாம். பேரேட்டை மட்டும் திறந்த மூல சர்வருக்கு மாற்றலாம். பில் போடும் பையனுக்குத் திரை மாறாது, புதிதாகப் பழக வேண்டியதும் இல்லை.

ஏன் திறந்த மூலம்?

மை எஸ்.க்யூ.எல்., மரியா டி.பி., போஸ்ட்கிரெஸ் எஸ்.க்யூ.எல். ஆகிய மூன்றும் லைசென்ஸ் கட்டணம் இன்றிக் கிடைக்கின்றன. பணம் மிச்சம் என்பதை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மை எஸ்.க்யூ.எல். 1995-ல் வந்தது. அந்த நிறுவனத்தை 2008-ல் சன் வாங்கியது. 2010-ல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. இப்படிக் கை மாறிய நேரத்தில், மூலநிரல் திறந்ததாக இருந்ததால், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009-ல் அதிலிருந்தே மரியா டி.பி.யைத் தொடங்கினார். உபயோகித்தவர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை. போஸ்ட்கிரெஸ் 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது. அதற்குத் தனி முதலாளி என்று யாரும் இல்லை. கடை கை மாறினாலும் நம் சரக்கு நம்மிடமே இருப்பது எவ்வளவு நிம்மதி என்பதை வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

முகப்புக்கும் ஆயுள் உண்டு. ஆக்ஸஸ் 2016, 2019 ஆகிய பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பேரேடு தனியாக இருந்தால் பிற்காலத்தில் முகப்பை மட்டும் மாற்றிக் கொள்ளலாம். லிப்ரே ஆஃபீஸ் பேஸ் என்ற இலவச முகப்பும் இதே சர்வர்களோடு இணையும்.

இணைப்பது எப்படி?

இரண்டுக்கும் நடுவே நிற்கும் தரகர் ஓ.டி.பி.சி. என்ற ஏற்பாடு. சர்வருக்கு ஏற்ற ஓ.டி.பி.சி. டிரைவரை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நிறுவ வேண்டும். சர்வர் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, டேட்டாபேஸின் பெயர் என்ன, யார் பெயரில் நுழைவது என்பதை அதில் பதிவு செய்ய வேண்டும். பிறகு பழைய டேபிள்களை ஆக்ஸஸிலிருந்தே சர்வருக்கு ஏற்றுமதி செய்து, அவற்றை 'லிங்க்டு டேபிள்' ஆக இணைக்க வேண்டும். இணைத்த டேபிளுக்குப் பழைய பெயரையே வைத்தால் படிவங்களும் அறிக்கைகளும் பெரும்பாலும் மாற்றம் இன்றி ஓடும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் முழு ஆக்ஸஸ் வாங்க வேண்டியதில்லை. பில் மட்டும் போடும் இடத்துக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'ரன்டைம்' போதும்.

சொல்வது சுலபம். நாங்கள் மாற்றியபோது தடுக்கி விழுந்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். செய்து தர வருபவரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, ஆக்ஸஸ் 32 பிட் என்றால் டிரைவரும் 32 பிட், 64 என்றால் 64. விண்டோஸ் எது என்பது கணக்கில்லை. இது தெரியாமல் ஒரு முழு நாளைத் தொலைத்தோம்.

இரண்டு, ஒவ்வொரு டேபிளுக்கும் 'பிரைமரி கீ' வேண்டும். ஏற்றுமதியில் அது கூடவே வந்துவிடும் என்று நம்பக் கூடாது. அது இல்லாத டேபிளைப் பார்க்கலாம், திருத்த முடியாது.

மூன்று, பணப் பத்திகள் 'டெசிமல்' அல்லது 'நியூமெரிக்' வகையாக இருக்க வேண்டும். 'ஃப்ளோட்' வகையில் பத்துப் பைசாவைக்கூடத் துல்லியமாக வைக்க முடியாது. மாதக் கடைசியில் பைசா வித்தியாசம் தேடி மண்டை காயும்.

நான்கு, யாரும் தொடாத வரியை "வேறொருவர் திருத்திவிட்டார்" என்று ஆக்ஸஸ் சில சமயம் தகராறு செய்யும். 'ஆம்/இல்லை' பத்தி காலியாக இருப்பது இதற்கு ஒரு காரணம். அதற்கு ஆரம்ப மதிப்பாக 0 கொடுக்க வேண்டும். மை எஸ்.க்யூ.எல்.லில் ஒவ்வொரு டேபிளிலும் ஒரு 'டைம்ஸ்டாம்ப்' பத்தி சேர்ப்பதும் உதவும்.

ஐந்து, பில் நம்பருக்குத் தானாக ஏறும் எண்ணை வைக்கக் கூடாது. ஒரு பில் பாதியில் ரத்தானால் அந்த எண் வீணாகி இடைவெளி விழும். ஜி.எஸ்.டி. விதி 46 தொடர்ச்சியான வரிசை எண்ணைக் கேட்கிறது. அதற்குத் தனி டேபிள் வைத்து, பில் உறுதியாகும் நேரத்தில் எண்ணை எடுக்க வேண்டும். பில்லின் தலைப்பும் சரக்கு வரிகளும் ஒரே பரிவர்த்தனையாகப் பதிய வேண்டும் என்றும் சொல்லுங்கள். சர்வர் வந்துவிட்டதால் மட்டும் அது தானாக நடந்துவிடாது.

ஆறு, தமிழ்ப் பெயர்கள். மை எஸ்.க்யூ.எல்., மரியா டி.பி.யில் 'யூ.டி.எஃப்.8 எம்.பி.4', போஸ்ட்கிரெஸில் 'யூ.டி.எஃப்.8' என்ற எழுத்து முறையும், யூனிகோட் டிரைவரும் வேண்டும். இல்லாவிட்டால் துவரம் பருப்பு கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பெயர்கள் என்றால் மாற்றும் முன்பே யூனிகோடுக்குக் கொண்டு வாருங்கள்.

ஏழு, வேகம். ஐந்து வருடப் பில்களையும் மொத்தமாகத் திறக்கும் படிவம் சர்வருக்கு வந்த பின் இன்னும் மெதுவாகலாம். தேதியையோ வாடிக்கையாளர் பெயரையோ கேட்டு, தேவையானதை மட்டும் எடுக்கும்படி படிவத்தைத் திருத்த வேண்டும்.

சாவி யாரிடம்?

சர்வரில் எனக்கு மிகவும் பிடித்தது அதிகாரப் பங்கீடு. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். பில் போடுபவர் எழுதலாம், அழிக்க முடியாது. குடோனில் இருப்பவர் இருப்பைப் பார்க்கலாம், கடன் பாக்கியைப் பார்க்க முடியாது. தலைமைக் கடவுச்சொல் உறையிலிட்டு முதலாளியின் பெட்டியில் இருக்க வேண்டும். செய்து கொடுத்தவரின் நினைவில் மட்டும் இருந்தால் கல்லாச் சாவியை அடுத்த தெருவில் கொடுத்து வைத்தது போலத்தான். வீட்டிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு சர்வரை இணையத்துக்கு நேராகத் திறந்துவிடவும் வேண்டாம். தெருக்கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதற்குச் சமம் அது.

நகலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். கடை அடைத்த பிறகு தினமும் தானாக நகல் எடுக்கும்படி செய்யலாம். சர்வரோடு கிடைக்கும் கருவிகளே அதற்குப் போதும். ஒரு நகல் கடையில், ஒரு நகல் வீட்டில். மாதம் ஒரு முறை அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏற்றிப் பார்க்காத நகல், பிரித்துப் பார்க்காத மூட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாது. சர்வர் கம்ப்யூட்டருக்கு நல்ல பேட்டரியோடு யூ.பி.எஸ். வையுங்கள்.

எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். ஒரே கம்ப்யூட்டரில் நாளைக்கு ஐம்பது பில் போடும் கடைக்கு ஒழுங்கான நகலே போதும். இலவச சர்வர் என்றாலும் அமைத்துத் தருபவருக்குக் கூலி உண்டு, வருடா வருடம் பராமரிப்பும் உண்டு. இரண்டு, மூன்று கம்ப்யூட்டர்களும் பெரிய கடன் பாக்கியும் உள்ளவர்கள்தான் அவசியம் யோசிக்க வேண்டியவர்கள். அப்போதும் ஒரே இரவில் மாறாதீர்கள். பழையதையும் புதியதையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டி, தினமும் மொத்தத்தை ஒத்துப் பார்த்த பிறகே பழையதை நிறுத்துங்கள். பண்டிகைச் சீசனில் வேண்டவே வேண்டாம்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வேலை தெரிந்த இளைஞர்கள் நம் உறுப்பினர்களின் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டி ஒரு நாள் பயிற்சி நடத்தினால், பத்துக் கடைக்கு ஒருவராவது ஆபத்துக்குக் கிடைப்பார்.

பேரேட்டில் இருப்பவை எண்கள் மட்டுமல்ல. நம்மை நம்பிப் பணம் கட்டியவரின் நேர்மைக்கும் அதுவே சாட்சி. அந்தச் சாட்சியைத் தொலைத்து ஒரு நல்ல மனிதரை நான் இழந்தேன். நீங்கள் இழக்க வேண்டாம். இன்று கடை அடைக்கும் முன், உங்கள் கணக்கின் கடைசி நகல் எந்தத் தேதியுடையது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.