சின்ன கிராண்ட்... பெரிய கேள்வி!

ஃபைனல் இயர் புராஜெக்ட் என்றதும் சென்னைப் பசங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது லேப் இல்லை... ரிச்சி ஸ்ட்ரீட்! 'டாபிக் மட்டும் சொல்லு தம்பி, ரிப்போர்ட்டோட சேர்த்தே குடுத்துடுறோம்' என்று கூப்பிட்டுக் கொடுப்பார்கள். காசைக் கொடுத்தால் சர்க்யூட் போர்டு கையில், வைவா கேள்விக்கு விடை பையில்!

இதில் ஒரு காமெடி என்னன்னா, நாம காசு கொடுத்து புராஜெக்ட் வாங்குற அதே ஊர்ல, 'காசு நாங்க தர்றோம், புராஜெக்டை நீங்க பண்ணுங்க'ன்னு கூப்பிடுற அமைப்புகளும் இருக்கு. கோடியெல்லாம் இல்லை, சின்ன கிராண்ட்தான். கல்வியைப் பற்றி ஆராய்ச்சி செய்யக்கூட இப்படிச் சின்னச் சின்ன நிதிகள் உண்டு. 'கல்வி ஆராய்ச்சியா? அது பி.எட்., எம்.எட். ஆளுங்க மேட்டராச்சே!' என்று பக்கத்தைப் புரட்டிடாதீங்க பாஸ். ஆராய்ச்சிக்கான சரக்கு நம்ம கிளாஸ் ரூம்லயே உட்கார்ந்திருக்கு.

கொஸ்டின் புரிஞ்சா ஆன்ஸர் தெரியும்ணா!

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினீயரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித இடஒதுக்கீடு 2021-ல் வந்தது. அவங்க கல்விக் கட்டணத்தையும் அரசே ஏத்துக்குது. அருமையான விஷயம். ஆனா, ப்ளஸ் டூ வரைக்கும் 'முடுக்கம்', 'உந்தம்' என்று படித்த பையன், முதல் நாள் வகுப்பில் 'ஆக்சிலரேஷன்', 'மொமென்ட்டம்' என்று கேட்டதும் திருதிருன்னு முழிக்கிறான். அவனுக்கு ஃபிசிக்ஸ் தெரியாமல் இல்லை. ஃபிசிக்ஸின் இங்கிலீஷ் பெயர்தான் தெரியலை.

எங்க ஹாஸ்டல்ல ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி சொன்னது: "கொஸ்டின் புரிஞ்சா ஆன்ஸர் தெரியும்ணா!" முதல் செமஸ்டர் ரிசல்ட்ல அவனுக்கு மூணு அரியர். பஸ்ல வேலைக்குப் போய்ட்டு வர்ற அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம, லீவுல ஊருக்குப் போன பையன் திரும்பி வரவே பத்து நாள் ஆச்சு.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது. மற்ற பிராஞ்ச் ஆளுங்களுக்கு? நிறைய கல்லூரிகளில் 'பிரிட்ஜ் கோர்ஸ்' நடத்துறாங்க. முடிவில் ஒரு ஃபீட்பேக் ஃபாரம் கொடுப்பாங்க. எல்லாரும் 'எக்ஸலன்ட்'ல டிக் அடிச்சுட்டு கேன்டீனுக்கு ஓடிடுவோம். அந்த கோர்ஸால் உண்மையிலேயே ஒருத்தனாவது கூடுதலா பாஸ் ஆனானா? அதை அளந்து பார்க்கிறதுக்குப் பெயர்தான் கல்வி ஆராய்ச்சி!

கென்யா சொன்ன 'இல்லை'

இதே மொழிப் பிரச்னை ஆப்பிரிக்காவிலும் மாட்டியிருக்கு. 1996-ல் கென்யாவின் புசியா பகுதியில் 25 பள்ளிகளுக்கு இலவசமாகப் பாடப்புத்தகம் கொடுத்தது ஒரு தொண்டு நிறுவனம். ஆய்வில் மொத்தம் 100 பள்ளிகள். புத்தகம் கிடைத்த பள்ளியையும் கிடைக்காத பள்ளியையும் ஒப்பிட்டார்கள். 'புத்தகம் கொடுத்தா மார்க் ஏறாமலா போகும்?' என்றுதானே நினைப்போம்? சராசரி மார்க் ஏறவில்லை! ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் பலன்.

காரணம்? புத்தகம் ஆங்கிலத்தில். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வாசிக்கவே முடியாதவனுக்குப் புத்தகம் தலையணைதான்!

இந்த ஆய்வில் இருந்த மைக்கேல் கிரெமருக்கு, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோவோடு சேர்த்து 2019-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. கிரெமர் இருந்த இன்னொரு ஆய்வு இன்னும் செம. பெரிய பெரிய படங்கள் போட்ட ஃபிளிப் சார்ட் ஏற்கெனவே வைத்திருந்த பள்ளிகளில் மார்க் அதிகமாக இருந்தது. 'ஆஹா, சார்ட்தான் காரணம்' என்று தோணுமா இல்லையா? ஆனால், 178 பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளுக்கு மட்டும் சார்ட் கொடுத்துப் பார்த்தபோது ஒரு மாற்றமும் இல்லை! சார்ட் வாங்க முடிந்த பள்ளியில் அதோடு சேர்ந்து மற்ற வசதிகளும் இருந்திருக்கு. மார்க்கை ஏத்தினது அதுதான். பேர் மட்டும் சார்ட்டுக்கு!

எப்பவும் 'இல்லை'தான் விடையா வருமா? அப்படியும் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு நம்ம ஊரில் 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினாங்க இல்லையா? அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி மூடியதால் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் திரும்பியிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்குக்குச் சாயங்கால வகுப்புகள் காரணம்!

ஆக, 'நல்லதுதானே' என்று நினைப்பது வேற, அளந்து தெரிந்துகொள்வது வேற. சின்ன கிராண்டின் வேலையே இதுதான். பெரிய பணம் இறங்குறதுக்கு முன்னாடி, கொஞ்சக் காசில் 'ஆமா'வா 'இல்லை'யா என்று சொல்லிவிடும். விடை 'இல்லை' என்றாலும் காசு வீணில்லை. எத்தனையோ காலேஜ் அந்தத் தப்பைச் செய்யாமல் தப்பிக்குமே!

5,380 ரூபாய் பிளான்

சரி, நம்மால என்ன முடியும்? எங்க கிளாஸ் பசங்க மூணு பேர் ஒரு பிளான் போட்டாங்க. தமிழ்வழியில் படித்த 60 ஃபர்ஸ்ட் இயர் ஆளுங்க. 30 பேருக்கு மட்டும் தமிழ்-ஆங்கிலச் சொற்பட்டியல். மீதி 30 பேருக்கு இல்லை. செமஸ்டர் முடிவில் மார்க்கை ஒப்பிடணும். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான்: "அண்ணா, ஹாஸ்டல்ல ஒரு நோட்ஸ் வந்தா நைட்டுக்குள்ள எல்லா ரூமுக்கும் ஜெராக்ஸ் போய்டும்ணா!"

உண்மைதானே! அப்புறம் மேடம் ஒருத்தர் வழி சொன்னாங்க. ஆளுங்களைப் பிரிக்காதீங்க, டாபிக்கைப் பிரிங்க! ஃபிசிக்ஸ் பேப்பரில் 20 டாபிக் எடுத்துக்கணும். சீட்டுக் குலுக்கிப் போட்டு 10 டாபிக்குக்கு மட்டும் சொற்பட்டியல். அது 60 பேருக்கும் உண்டு. பாடம் தொடங்கும்போது ஒரு டெஸ்ட், முடிஞ்சதும் ஒரு டெஸ்ட், இரண்டிலும் 20 டாபிக். பட்டியல் கொடுத்த டாபிக்ல மார்க் கூடுதலா ஏறியிருக்கான்னு பார்க்கணும். லீக் ஆகும் பயம் இல்லை. 'எனக்கு மட்டும் ஏன் தரலை' என்ற வருத்தமும் இல்லை.

இதோ பட்ஜெட். பக்கத்துக்கு 1 ரூபாய் ஜெராக்ஸ் என்று வைத்துக்கொண்டால், 60 பேருக்கு 10 டாபிக், டாபிக்குக்கு 2 பக்கம்: 1,200 ரூபாய். டெஸ்ட் எல்லாம் முடிஞ்சதும் மீதி 10 டாபிக்குக்கும் கொடுத்துடணும், அதுக்கு 1,200. இரண்டு டெஸ்ட், நாலு பக்க வினாத்தாள்: 480. சொற்களைச் சரிபார்க்கும் தமிழாசிரியருக்கு 1,500. ரிப்போர்ட் பைண்டிங் 4 பிரதி: 1,000. மொத்தம் 5,380 ரூபாய்!

ஒண்ணு மட்டும் நேர்மையா சொல்லணும். ஒரே காலேஜ், 60 பேர், ஒரே பேப்பர் என்றால், பெரிய வித்தியாசம் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். 'தமிழ்நாட்டுக்கே தீர்வு கண்டுபிடிச்சுட்டோம்' என்று போஸ்டர் அடிக்க முடியாது. 'இதை இன்னும் நாலு காலேஜில் செய்து பார்க்கலாம்' என்று சொல்ல முடியும். அது போதும். அப்புறம், கலந்துக்கிறவங்க சம்மதம் வாங்கணும். யார் மார்க்கும் பெயரோடு வெளியே போகக் கூடாது. இது ரொம்ப முக்கியம்.

எங்கே கேட்கலாம்?

நமக்குப் பக்கத்தில் இருப்பது தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் புராஜெக்ட் திட்டம். இறுதியாண்டு மாணவர்கள், வழிகாட்டும் ஆசிரியரோடு, கல்லூரி மூலமா விண்ணப்பிக்கணும். சமீப ஆண்டுகளில் பல டீம்களுக்குக் கிடைத்தது 7,500 ரூபாய். மேலே சொன்ன பிளானுக்கு அதுவே தாராளம். எந்தெந்தத் துறை, கடைசித் தேதி எப்போ என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துட்டு இறங்குங்க.

உங்க புரொபசர் மூலமா போக இன்னும் பெரிய கதவுகள் இருக்கு. டெல்லி என்.சி.இ.ஆர்.டி-யில் பள்ளிக் கல்வி ஆராய்ச்சிக்கு நிதி தருவதற்கென்றே 'எரிக்' என்ற குழு 1974-லிருந்து இருக்கு. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். சமூக அறிவியல் ஆய்வுகளுக்குச் சிறிய, பெரிய என இரண்டு வகை நிதி தருது.

கடல் தாண்டினால் சிகாகோவின் ஸ்பென்சர் ஃபவுண்டேஷன். கல்விப் பதிப்பகம் நடத்திச் சம்பாதித்த லைல் ஸ்பென்சர், 1962-ல் தொடங்கியது. அவங்க 'சின்ன கிராண்ட்' உச்சவரம்பு 50,000 டாலர்! (சின்னதாம்!) வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் கேட்கலாம். ஆனா, தலைமை தாங்குபவர் பிஎச்.டி. முடித்தவராகவோ, அதற்கு ஈடான அனுபவம் உள்ளவராகவோ இருக்கணும். வெளிநாட்டுப் பணம் என்பதால் இங்கே வாங்கும் நிறுவனத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதியும் வேணும். இதில் பிடிச்ச விஷயம், தலைப்பை அவங்க திணிக்கிறதில்லை. கேள்வி நம்முடையது.

விண்ணப்பத்துக்கு டிப்ஸ் கேட்டா, எல்லாரும் சுத்திச் சுத்தி ஒண்ணைத்தான் சொல்றாங்க. 'கல்வித் தரத்தை உயர்த்துதல்' மாதிரி மேடைப் பேச்சுத் தலைப்பு வேண்டாம். 'பத்து டாபிக்குக்குச் சொற்பட்டியல் கொடுத்தால் மார்க் ஏறுமா?' என்பது மாதிரி, 'இல்லை' என்ற விடைக்கும் இடம் விட்ட ஒரு கேள்வி வேணும். எதோடு எதை ஒப்பிடப் போறீங்க என்று ஒரு வரி. ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு காரணம். அவ்வளவுதான்!

எங்க காலேஜ் மூணு பேரும் கைடு சாரைப் பிடிச்சாச்சு, 20 டாபிக்கையும் சீட்டில் எழுதியாச்சு. ஹெச்.ஓ.டி. கையெழுத்துதான் பாக்கி. அடுத்த ஃபர்ஸ்ட் இயர் பேட்ச் வந்து உட்கார்றதுக்குள்ள அது கிடைக்கணும். உங்க கிளாஸ்ல யாரும் அளந்து பார்க்காத கேள்வி எது ஃப்ரெண்ட்ஸ்?