அடங்கியது நோய், குணமாகவில்லை!

ஒரு கண் மங்குகிறது. கண்ணை அசைத்தால் வலிக்கிறது. சில வாரங்களில் பார்வை தெளிந்து விடுகிறது. "திருஷ்டி கழிந்தது" என்று வீட்டார் மகிழ்கிறார்கள்.

சில மாதங்கள் கழித்துக் கால் மரத்துப் போகிறது. நடை தள்ளாடுகிறது. அதுவும் தணிந்து விடுகிறது.

இப்படி வந்து வந்து போகும் வியாதி ஒன்று உண்டு. அதன் பெயர் "மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்." தமிழில் "தண்டுவட மரப்பு நோய்" என்பார்கள். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையே தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

வேலியே பயிரை மேய்ந்தால்...

மின்சாரக் கம்பிக்கு மேலுறை இருக்கிறது அல்லவா? மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளுக்கும் அப்படி ஓர் உறை உண்டு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவல் சக்தியே அந்த உறையைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிற கதைதான்!

உறை கெட்ட இடத்தில் மூளையின் கட்டளை தடைப்படுகிறது. கண் நரம்பு கெட்டால் பார்வை மங்கும். தண்டுவடம் கெட்டால் கை, கால் மரத்துப் போகும்.

இது தொற்று நோய் அல்ல. யார் செய்த பாவமும் அல்ல.

மருந்து இல்லாத காலம்

ஜாக்குலின் டு பிரே இங்கிலாந்து நாட்டு இசைக் கலைஞர். "செல்லோ" என்ற தந்தி வாத்தியத்தில் உலகப் புகழ் பெற்றவர். அவருடைய விரல்களில் உணர்வு குறைந்தது. 1973-ல் இந்த நோய் என்று தெரிந்தது. அப்போது வயது 28. கச்சேரி நின்றது. 1987-ல், 42-வது வயதில் காலமானார்.

நோயின் போக்கைக் கட்டுப்படுத்தும் முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1993-ல்தான்!

இன்று ஊசி மருந்துகள் உண்டு. மாத்திரைகளும் உண்டு. அவை நோயை அடியோடு ஒழிப்பதில்லை. ஆனால் நோய் திரும்பத் தாக்குவதைக் குறைக்கின்றன. "ஸ்டிராய்டு" மருந்து வேறு. அது வந்த தாக்குதலைச் சீக்கிரம் தணிக்க மட்டுமே உதவும்.

"நன்றாகத்தானே இருக்கிறாள்?"

"நன்றாகத்தானே இருக்கிறாள்? மருந்து எதற்கு?" என்று கேட்பது பெரிய தவறு. வெளியே ஒரு குறியும் தெரியாத போதும் மூளையில் புதிய தழும்புகள் விழலாம். எம்.ஆர்.ஐ. படம் அதைக் காட்டிக் கொடுக்கும். மருந்தைத் தொடர வேண்டிய காலமே அதுதான்!

பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று மருந்தை நிறுத்தினால், இழப்பு யாருக்கு? அந்தப் பெண்ணுக்குத்தான்! இந்த நோய் உள்ள பெண்களும் திருமணம் செய்து கொள்ளலாம், தாயாகலாம். டாக்டரைக் கலந்து திட்டமிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த நோயில் பெரும் களைப்பு உண்டு. வெயிலில் அது கூடும். அதைச் சோம்பல் என்று ஏசக் கூடாது. 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமே இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சட்டம் ஒப்புக்கொண்டதை வீடு ஒப்புக்கொள்ள வேண்டாமா?

டு பிரேக்கு மருந்து கிடைக்கவில்லை. அது காலத்தின் குறை. இன்று மருந்து இருந்தும் நிறுத்தினால், அது குடும்பத்தின் குறை!