திருட்டுப் போனால் பூட்டு இலவசம்!

ஒரு கற்பனை. உங்களைக் கேட்காமலேயே ஒருத்தர் உங்கள் வீட்டுச் சாவிக்கு டூப்ளிகேட் போட்டு வைத்திருக்கிறார். காசு கொடுக்கிறவர்களுக்குக் கதவைத் திறந்து காட்டுகிறார். ‘‘ஐயா, இனிமே யாருக்கும் திறக்காதீங்க’’ என்று அவரிடம் போய் நிற்கிறீர்கள். ‘‘பேஷா! 10 டாலர் எடுங்க’’ என்கிறார்.

கோபம் வருகிறதா? அமெரிக்காவில் இதைச் சட்டம் போட்டே நடத்தினார்கள். அதுவும் பதினைந்து வருஷம்!

அங்கே ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று பெரிய கம்பெனிகள். யார் எவ்வளவு கடன் வாங்கினார், எந்த மாசம் தவணை தவறினார் என்று எல்லாவற்றையும் திரட்டி, ஆளுக்கொரு ஃபைல் போட்டு வைத்திருக்கிறார்கள். கடன் கொடுப்பதற்கு முன்னால் பாங்க்குகள் காசு கொடுத்து அதை வாங்கிப் பார்க்கும். அதுதான் கிரெடிட் ரிப்போர்ட். உங்கள் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் மூன்றும் திருடன் கையில் சிக்கினால் போதும். உங்கள் பெயரில் கார்டு வாங்கி அவன் அனுபவிப்பான். நோட்டீஸ் உங்களுக்கு வரும்.

இதற்கு மருந்து, அந்த ஃபைலை முடக்குவது. ‘ஃப்ரீஸ்’ என்பார்கள். முடக்கிவிட்டால், புதிதாகக் கடன் தர வருகிற பாங்க்குக்கு ரிப்போர்ட் கிடைக்காது. ரிப்போர்ட் பார்க்காமல் எந்த மேனேஜர் கடன் கொடுப்பார்? திருடன் நடையைக் கட்ட வேண்டியதுதான். இந்த உரிமையை முதலில் சட்டமாக்கிய மாநிலம் கலிஃபோர்னியா. 2003-ல் அமலுக்கு வந்தது. மற்ற மாநிலங்களும் பின்னாலேயே வந்தன.

நல்ல விஷயம்தானே? கூடவே ஒரு வால் இருந்தது. முடக்குவதற்குக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்றன பெரும்பாலான சட்டங்கள். பல மாநிலங்களில் 10 டாலர் வரை. மூன்று கம்பெனிக்கும் தனித்தனியாக 30. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் 60. நாளைக்குக் கார் லோன் வேண்டுமென்றால், தற்காலிகமாகத் திறக்கவும் பல இடங்களில் தனிக் கட்டணம். ஏற்கெனவே திருட்டுக் கொடுத்தவர் போலீஸ் ரிப்போர்ட்டோடு வந்தால் மட்டும் பெரும்பாலும் இலவசம். அதாவது, வீடு கொள்ளை போன பிறகு பூட்டு ஃப்ரீ!

‘‘உச்சவரம்பு வைத்தார்களே, ஜனங்களுக்கு நல்லதுதானே சார்?’’ என்று நீங்கள் கேட்கலாம். எவ்வளவு வாங்கலாம் என்று சட்டம் பேச ஆரம்பித்ததுமே, வாங்கலாமா என்ற கேள்வி செத்துப்போகிறது. அங்கேதான் ஜனங்கள் தோற்றார்கள்.

நிர்வாகச் செலவு ஆகாதா? பி.காம். படித்த தோஷம், நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இண்டியானா, தெற்கு கரோலினா, மெய்ன் மாநிலங்களில் 2017-க்கு முன்பே இந்த வேலை இலவசம். அதே கம்பெனி, அதே கம்ப்யூட்டர். அங்கே வாங்காத காசை எல்லை தாண்டியதும் எந்தச் செலவுக்கு வாங்கினார்கள்? பூட்டிய ஃபைலை விற்க முடியாதே, அதுதான் சூட்சுமம். 10 டாலர் என்றதும் பலர் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று போய்விடுவார்கள். ஃபைல் திறந்தே கிடக்கும். வியாபாரமும் நடக்கும்.

2017 மே மாதம் ஈக்விஃபேக்ஸ் கம்ப்யூட்டருக்குள் திருடர்கள் புகுந்தார்கள். ஜூலை கடைசி வரை கம்பெனிக்குத் தெரியாது. அந்த ஓட்டையை அடைக்கும் மென்பொருள் திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது, சரியாகப் போடவில்லை. செப்டம்பர் 7-ம் தேதிதான் வெளியே சொன்னார்கள். கடைசிக் கணக்கில் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயிருந்தன. பயந்துபோய்ப் பூட்ட ஓடியவர்களிடமும் முதல் சில நாட்கள் கட்டணம்! ஊரே காறித் துப்பிய பிறகுதான் ஈக்விஃபேக்ஸ் தன் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. மற்ற இரண்டு கம்பெனிகளில் கட்டணம் தொடர்ந்தது. ஒருவர் வீட்டு ஓட்டை, இன்னொருவருக்கு வருமானம்!

அதற்கப்புறம்தான் வாஷிங்டன் கண் விழித்தது. 2018 செப்டம்பர் 21 முதல் பூட்டவும் திறக்கவும் நாடு முழுக்க இலவசம். போனிலோ, இணையத்திலோ கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் பூட்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும். மூன்று கம்பெனியில் எதுவும் திவாலாகிவிடவில்லை. அப்படியென்றால் அத்தனை வருஷம் வாங்கிய 10 டாலர் எதற்கு? திருப்பித் தரச் சொல்லி அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. மாநிலங்கள் ஃப்ரீஸ் விஷயத்தில் தனியாகக் கடுமை காட்டவும் வழியில்லாமல் செய்துவிட்டது. வேலைக்கு எடுப்பவரோ, வீடு வாடகைக்கு விடுபவரோ, இன்ஷூரன்ஸ் கம்பெனியோ கேட்டால், அந்தச் சட்டப்படியான பூட்டு செல்லாது. முக்கியமாக, நீங்களாகப் போய்ப் பூட்டும் வரை ஃபைல் திறந்தேதான் கிடக்கும்.

‘அமெரிக்காக்காரன் கதை நமக்கெதுக்கு?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சிபிலின் முழுப் பெயரிலேயே டிரான்ஸ்யூனியன் இருக்கிறது. மற்ற இரண்டு கம்பெனிகளும் இங்கே கடை விரித்தாயிற்று. உங்கள் ஃபைலும் என் ஃபைலும் அவர்களிடம் இருக்கின்றன. 2017 முதல் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். 2024 முதல், யாராவது பார்த்தால் உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. சந்தோஷம். ஆனால், அது யாரோ உள்ளே போனபின் அடிக்கிற விசில். பூட்டு எங்கே? நம் 2005-ம் வருஷத்துச் சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடே இல்லை.

என்றைக்காவது அது வரும். வரும்போது, ‘கட்டணம் வெறும் 50 ரூபாய்தான்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அன்றைக்கு ‘அம்பதுதானே’ என்று பர்ஸை எடுத்துவிடாதீர்கள். ‘என் ஃபைலை என்னைக் கேட்காமல் ஏன் திறந்து வைத்தாய்?’ என்று கேளுங்கள்.