மங்கு மறைய மாதங்கள் ஆகும்

கன்னத்தில் மங்கு விழுந்தவர்களும், பரு ஆறிய இடத்தில் கறுப்புத் தழும்பு நின்றுவிட்டவர்களும் இன்று அதிகம் கேட்டு வாங்குவது ரெட்டினால். இதை வெறும் விளம்பரச் சரக்கு என்று தள்ளிவிட முடியாது. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பொருள் தோலுக்குள் போனபின் இரண்டு படிகளில் ரெட்டினாயிக் அமிலமாக மாறுகிறது. மேல்தோல் செல்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதும், மெலனின் நிறமி மற்ற செல்களுக்குப் பரவுவது குறைவதும் அந்த அமிலத்தால்தான். ஆனால் கடையில் அது விற்கப்படுவது 'பளிச்' முகத்துக்காக. கறையை மங்கச் செய்யும் மருந்தை நிறத்தை மாற்றும் பூச்சாக விற்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு; மற்ற கேடுகள் எல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன.

இதே ரெட்டினாயிக் அமிலம் ட்ரெட்டினாயின் என்ற பெயரில் மருந்தாகக் கிடைக்கிறது. ரெட்டினாலைவிடப் பல மடங்கு வீரியமானது. மங்கு உள்ள பெண்களிடம் 0.1% ட்ரெட்டினாயினைச் சோதித்த ஆய்வு 1993இல் வெளியானது. 40 வாரங்களுக்குப் பின் மருந்து பூசியவர்களில் 68% பேருக்கு முன்னேற்றம். மருந்தில்லாத கிரீம் பூசியவர்களில் 5% பேருக்கு மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் மாற்றம் தொடங்கவே 24 வாரங்கள் ஆயின. அதே ஆண்டு கறுப்பின மக்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு நம் தோலுக்கு இன்னும் நெருக்கமானது. பரு போன்றவை விட்டுச்சென்ற கருமை அங்கே நன்றாகக் குறைந்தது. சுற்றியிருந்த இயல்பான தோலின் நிறம் மிகச் சிறிதளவே மாறியது. அவ்வளவு வீரியமான மருந்துக்கே ஆறு மாதம் வேண்டியிருக்கும்போது, அதைவிட மென்மையான ரெட்டினால் சில வாரங்களில் முகத்தை மாற்றிவிடும் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

அந்த இரண்டாவது ஆய்வில் மருந்து பூசியவர்களில் பாதிப் பேருக்குத் தோல் சிவந்து உரிந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் எரிச்சலே புதிய கருமையை உண்டாக்கிவிடும். மங்கைப் போக்கப் பூசியது மங்கைக் கூட்டும். அதனால்தான் தோல் மருத்துவர்கள் குறைந்த அளவில், வாரத்துக்கு இரண்டு மூன்று இரவுகள் மட்டும், ஈரப்பத கிரீமோடு தொடங்கச் சொல்கிறார்கள். பகலில் சன்ஸ்கிரீன் இல்லாவிட்டால் இரவில் பூசியது வீண். மங்கைப் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தூண்டுகிறது. இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் நமக்குக் கூடுதலாக உதவுவது அதனால்தான். கருவுற்றவர்களும் கருவுறத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாலைத் தொடவே கூடாது. எல்லாக் கருமைக்கும் பூச்சு தீர்வல்ல: கழுத்தின் பின்புறம் தடித்துக் கறுத்திருந்தால் அது பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின் அறிகுறி; அங்கே தேவை ரத்தப் பரிசோதனை.

இந்தப் பொறுமையைச் சொல்லிக் கொடுக்காததன் விலை பெரிது. ரெட்டினால் சீரம் பலிக்கவில்லை என்று அலுத்தவர்கள் அடுத்து மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த கிரீமை வாங்குகிறார்கள். அது சில நாட்களில் முகத்தை வெளுக்க வைக்கிறது. பிறகு தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிய, பருவும் சிவப்பும் மண்டுகின்றன. முகத்தில் தோல் நோயோடு வந்த 2,926 பேரை இந்தியாவின் 12 மையங்களில் பரிசோதித்த ஆய்வு 2011இல் வெளியானது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தவர்கள். 2018இல் மத்திய அரசு பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. ஆனாலும் பெயரைச் சொன்னால் எடுத்துத் தரும் கடைகள் இருக்கின்றன. மலப்புறம் மாவட்டத்தில் வெண்மை கிரீம் பூசியவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும், அதற்குப் பாதரசம் காரணமாகக் கருதப்பட்டதும் 2023இல் செய்தியானது.

மாநிறத்தைக் குறையாக நினைப்பதே தவறு, இந்த மருந்துகளே வேண்டாம் என்பவர்கள் உண்டு. அவர்கள் பாதி சரி. நிறம் நோயல்ல, ஆனால் மங்கு ஒரு தோல் கோளாறு, அதற்கு மருந்து தேடுவது நிறத்துக்கு வெட்கப்படுவது ஆகாது. தோல் மருத்துவரிடம் போக எல்லோருக்கும் வசதி இல்லை என்ற மறுப்பு இன்னும் கனமானது. அதனாலேயே ரெட்டினால் விற்கப்படும் பெட்டி உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் முகத்துக்கான அழகுப் பொருட்களில் ரெட்டினால் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2024இல் விதித்தது. நம் நாட்டிலும் அப்படி ஓர் உச்சவரம்பு வேண்டும். எத்தனை சதவீதம் இருக்கிறது, பலன் தெரிய எத்தனை மாதம் ஆகும், கர்ப்பிணிகள் பூசக் கூடாது ஆகிய மூன்றும் பெட்டியின் முன்பக்கத்தில், தமிழிலும், படிக்கும் அளவு எழுத்தில் அச்சாக வேண்டும்.